முன்பக்கத்துக்கு ஐம்பத்தெட்டு கிலோ

என் அத்தை யாரைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவாள். தராசு வேண்டாம், தூக்கிப் பார்க்க வேண்டாம், ஒரு பார்வை போதும். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் "எழுபத்தாறு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பாள். கொஞ்சம் பழகியவர் என்றால் முகத்துக்கு நேராகவே, "வாங்க, போன தடவைக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க" என்பாள். மாமாவுக்கு இதனால் மானம் போகும். "வர்றவங்களைக் காப்பி குடிக்க விடேன்டி" என்று பல்லைக் கடிப்பார்.

இந்த வித்தை அவளுக்கு வேலையிலிருந்து வந்தது. ஏரிக்கரையில் இருந்த தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் லைஃப் ஜாக்கெட் தைத்தாள். அந்த ஜாக்கெட்டுகளுக்கு அளவு உயரத்தைப் பார்த்து வைப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான். முப்பதிலிருந்து ஐம்பது கிலோ வரை சின்னது, எழுபது வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. ஒல்லியான ஆளுக்குப் பெரியதைப் போட்டுவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், ஆள் கீழே நழுவிப் போவான். தைத்து முடித்த ஜாக்கெட்டுகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து ஆளுக்குப் போட்டுத் தொட்டியில் இறக்கிப் பார்ப்பார்கள். எந்த ஆளுக்கு எது என்று பொறுக்கிக் கொடுப்பது அத்தையின் வேலை. அங்கே அவளுக்குப் பெயர் தராசக்கா.

ஆயிரக்கணக்கில் தைத்தாள். ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை.

அவளுடைய மெஷினுக்கு நேர் எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏரி. ஏரியின் அக்கரையில், மலையடிவாரத்தில், வெள்ளையாக ஏதோ ஒன்று தெரியும். அது என்ன என்று பெண்கள் பேசிப் பேசியே பல மதியங்கள் போயிருக்கின்றன. ஒருத்தி வீடு என்பாள், ஒருத்தி தண்ணீர்த்தொட்டி என்பாள். அத்தை மட்டும், "யாரோ துணி காயப்போட்டிருக்காங்க" என்பாள்.

"பத்தொன்பது வருஷமாவா?"

"சோம்பேறியா இருப்பா, பாவம்."

அக்கரைக்குச் சாலை கிடையாது. மலை நேராக இறங்கித் தண்ணீரில் கால் வைத்திருக்கும். போனால் படகில்தான் போக வேண்டும். ஒரு தடவையாவது அங்கே போய் அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லி, கேட்காதவர்களிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

நான் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியில் கேட்ட பாடம் கிடைக்காமல், வீட்டில் அப்பாவோடு நாளைக்கு இரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் அத்தை வீட்டுக்கு வந்தேன். நான் வந்த அடுத்த வாரமே படகும் வந்தது. அதே தொழிற்சாலையின் பக்கத்து ஹாலில் காற்றடைக்கும் ரப்பர் படகுகள் செய்வார்கள். ஒரு படகில் ஒட்டுப் போட்ட துண்டு வேறு சாம்பல் நிறத்தில் அமைந்துவிட்டது. விற்க முடியாது. மேற்பார்வையாளர், "தராசக்கா, உன் வாய மூடுறதுக்காவது இத எடுத்துட்டுப் போ" என்று கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே காலால் மிதிக்கும் பம்ப்பை வைத்து வீட்டு ஹாலில் ஊதினோம். சோபாவைச் சுவரோடு தள்ளியும் இடம் போதவில்லை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் படகைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அத்தை முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "ஏய் நாப்பத்தொம்பது, நீ நடுவுல" என்றாள். நாற்பத்தொன்பது நான்தான். "எண்பத்தொண்ணு, நீங்க பின்னாடி. எஞ்சினைப் பிடிக்கணும்ல."

"எஞ்சின் எங்கடி இருக்கு?" என்றார் மாமா.

அதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

அத்தை ஒரு நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் படகைப் படமாக வரைந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதினாள். பின்னால் மாமா, 81. நடுவில் நான், 49. முன்னால் அவள், 58. பின்னால் எஞ்சினும் மாமாவும் சேர்ந்து அழுத்துவதால் முன்னால் ஆள் இல்லாவிட்டால் படகு மூக்கைத் தூக்கிக்கொள்ளும் என்று பக்கத்து ஹால் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழே ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு எஞ்சினின் பெயரும் எடையும் ஏறிக்கொண்டே போயின.

மாமா பஸ் டிரைவர். இருபத்துநான்கு வருடம் பெரிய எஞ்சின் மேல் உட்கார்ந்தவர். சின்ன எஞ்சினைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

"ஆறு எச்பிக்குக் கொறஞ்சு வாங்கினா நான் ஏற மாட்டேன். காத்து எதிர்த்து அடிச்சா நடு ஏரியில நின்னு டாட்டா காட்டவா?"

"எஞ்சின் மாட்டுற பின்பலகையில நாலுக்கு மேல கூடாதுன்னு எழுதியிருக்கு."

"எழுதினவன் பயந்தாங்கொள்ளி."

"எழுதினவ எங்க பக்கத்து ஹால்ல இருக்கா. பிசின் பிய்யுற வரைக்கும் அந்தப் பலகையில பாரத்தைத் தொங்கவிட்டுப் பாத்துட்டுத்தான் எழுதினா. நீங்க ஆறு வாங்கினா எஞ்சினும் பலகையும் ஒண்ணாப் போயிடும். நாம அங்கயே மிதப்போம்."

நான் மாமா கட்சி. எனக்கு வேகம் வேண்டும். போனில் விடாமல் வீடியோ பார்த்தேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுகளைக் காட்டி, "இதுல எத்தனை எச்பி தெரியுமா அத்தை?" என்று அவளை நச்சரித்தேன். ஆறு வேண்டாம் என்று ஒருவழியாக முடிவானதும் நாலா இரண்டரையா என்று தொடங்கினோம். அது முடிவதற்குள் பேட்டரி மோட்டார் வாங்கலாமே என்று நான் புதிதாக ஒன்றைக் கிளப்பினேன். "பேட்டரிய நம்பி நான் பஸ்ஸையே எடுக்க மாட்டேன்" என்றார் மாமா. அதில் மூன்று வாரம் போனது. பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சினின் கால் நீளமா குட்டையா என்பதில் இன்னும் இரண்டு வாரம். பலகையின் உயரத்தை நான் ஒரு தடவை அளந்தேன், மாமா ஒரு தடவை அளந்தார், இரண்டுக்கும் மூன்று விரற்கடை வித்தியாசம் வந்தது. படகில் காற்று இறங்கியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தை இடையிடையே ஒன்று சொல்வாள். "ஏரி எங்கயும் போயிடாது. ஆனாலும் சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

ஹாலில் படகு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த மாதங்களில் அவள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே நகர்த்திவிடுவாள். நெஞ்செரிச்சல் என்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டு மெஷினில் உட்கார்ந்து தன்னுடைய பழைய துணிகளைப் பிரித்துத் தைப்பாள். "தையல் விட்டுப்போச்சு" என்பாள். நான் அவளுக்குப் பக்கத்தில், படகுக்குள் படுத்தபடி, எஞ்சின் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் அவளே எங்களை ஒரு சனிக்கிழமை கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீளமான கடை. ஒரு பக்கம் எஞ்சின்கள் மரச்சட்டங்களில் வரிசையாகத் தொங்கின, இன்னொரு பக்கம் நங்கூரம், துடுப்பு, கயிறு. கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள்.

"மொத்தம் எத்தனை பேர், எவ்வளவு எடை?" என்று கேட்டார்.

அத்தை நோட்டைத் திறக்காமலே ஒப்பித்தாள். "இவர் எண்பத்தொண்ணு, இவ நாப்பத்தொம்பது, நான் அம்பத்தெட்டு. நீங்க தொண்ணூத்தி நாலு."

கடைக்காரர் சட்டையை இழுத்து வயிற்றை மூடினார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. தெரியுது."

பார்சல் எடை போடும் பெரிய தராசு வாசலில் இருந்தது. வேலையாட்கள் சுற்றி நிற்க அவர் அதில் ஏறினார். தொண்ணூற்று நாலரை. "அரை கிலோ செருப்பு" என்றாள் அத்தை. கடையே சிரித்தது. கடைக்காரர் விடவில்லை. "இப்ப நீங்க ஏறுங்கம்மா, உங்க கணக்கு சரியான்னு பாப்போம்."

அத்தை ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். "தைக்கிறவ தன் அளவைத் தானே எடுக்க மாட்டா சார்" என்றாள். அதற்கும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு நாலு எச்பியின் கயிற்றை அத்தையிடம் கொடுத்தார். எஞ்சினைக் கிளப்ப அதைச் சட்டென்று இழுக்க வேண்டும். "எனக்கு இழுக்க வந்தாத்தான் வாங்குவேன். இவருக்கு நடுவுல மயக்கம் வந்தா யார் திருப்பிக் கொண்டுவர்றது?" என்று முன்பே நிபந்தனை போட்டிருந்தாள். இழுத்தாள். கயிறு பாதிக்கு மேல் வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். நடக்கவில்லை. நெற்றியில் வியர்வை வந்துவிட்டது.

"என்னடி, பத்தொன்பது வருஷம் கேன்வாஸ் துணிய இழுத்த கை?" என்றார் மாமா.

"எண்ணெய் போடல" என்றாள்.

இரண்டரை எச்பி பதினெட்டு கிலோ. பெட்ரோல் டாங்க் அதற்குள்ளேயே இருந்தது. அதன் கயிறு முழு நீளத்துக்கும் வந்தது. "இதுதான்" என்றாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்று பேர் எடைக்கு இது கொஞ்சம் மெதுவாகத்தான் போகும் என்றார் கடைக்காரர். "பரவால்ல. பாரம் ஒண்ணும் அவ்வளவு இருக்காது" என்றாள் அத்தை.

கூடச் சேர வேண்டியவற்றை அவளே பொறுக்கினாள். இரண்டு துடுப்பு, மடக்கு நங்கூரம், ஒட்டுப் பெட்டி, விசில். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் சிவப்புக் கயிறு ஒன்று. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் அது கழன்று எஞ்சினை நிறுத்திவிடும். மாமா அதைத் தூக்கிப் பார்த்து, "நான் என்ன குழந்தையா?" என்றார்.

"மாட்டிக்கோங்க. நீங்க விழுந்தா படகு நிக்கணும். நின்னாத்தானே நான் திட்ட முடியும்?"

அப்புறம் சின்ன ஆணிகள் பத்து. தண்ணீருக்குள் சுழலும் விசிறி கல்லில் மோதினால் எஞ்சின் கெடாமல் இந்த ஆணி மட்டும் முறிந்துபோகும், உடைவதற்கென்றே செய்தது என்று கடைக்காரர் விளக்கினார். "தெரியும் சார், எங்க வீட்டு ஆணி நான்தான்" என்றாள். லைஃப் ஜாக்கெட் காட்ட வந்தவரைக் கையமர்த்தினாள். "அத நான் தைச்சுக்குவேன்."

மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால், எஞ்சினை மரச்சட்டத்தில் மாட்டி அதன் விசிறியை ஒரு பெரிய நீல டிரம் தண்ணீரில் முக்கினோம். புது எஞ்சினை ஏரிக்குக் கொண்டுபோகும் முன்பு இப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். அத்தை கயிற்றைப் பிடித்தாள். இரண்டு முறை இருமி நின்றது. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. டிரம் தண்ணீர் கொதிப்பதுபோல் குமுறி எங்கள் மூன்று பேர் மேலும் அடித்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அத்தை கையைத் தட்டிக்கொண்டு, "போகுது! போகுது!" என்று கத்தினாள்.

"எங்கடி போகுது? டிரம்லதான இருக்கு!" என்று மாமாவும் கத்தினார்.

அவள் காதில் விழவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் நின்றாள்.

அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போவதாக இருந்தோம். காற்று. அதற்கடுத்த ஞாயிறு மாமாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "போகட்டும், அடுத்த வாரம்" என்று அத்தைதான் அவரைச் சமாதானப்படுத்தினாள். அந்த வாரத்தின் புதன்கிழமை மதியம், தொழிற்சாலையில், ஜன்னலுக்கு முன்னால், மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக எடை பார்த்தார்கள். நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். நாற்பத்து மூன்று.

"சிஸ்டர், மெஷின் தப்பு. அவ அம்பத்தெட்டு" என்றார் மாமா.

"மெஷின் சரிதாங்க" என்றாள் அத்தை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "போன மாசம் நாப்பத்தாறு. அதுக்கு முந்தின மாசம் அம்பது."

நான் அவள் தோளைப் பார்த்தேன். ரவிக்கை அளவெடுத்து ஒட்டியதுபோல் சரியாக இருந்தது. எல்லாத் துணியும் அப்படித்தான் இருந்தது. தையல்காரி இளைத்தால் துணி தொளதொளப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், வாரத்துக்கு ஒரு தையல். ஊரெல்லாம் எடை சொன்னவளின் எடையைப் பார்க்க வீட்டில் யாருக்கும் கண் இல்லை.

"ஏன் சொல்லல?" என்றார் மாமா.

"சொல்லியிருந்தா எஞ்சின் வாங்கியிருப்பீங்களா?"

வயிற்றில் கட்டி. பரவிவிட்டது என்றார் டாக்டர். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ தொடங்கினார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஐந்து மாதம். நான் பேட்டரி மோட்டார் என்று பேசிய மூன்று வாரம் அதில் இருக்கிறது. பலகையைத் தப்பாக அளந்த இரண்டு வாரமும் இருக்கிறது. இதை மாமாவிடம் ஒரு நாள் சொன்னேன். "என் ஆறு எச்பியையும் சேத்துக்கோ" என்றார்.

கட்டிலில் கிடந்தும் அத்தை படகை விடவில்லை. பெட்ரோலைக் கேனில் போட்டு வைத்தால் கெட்டுப்போகும், வண்டியில் ஊற்றிவிடுங்கள் என்றாள். வார்டுக்கு வந்த டாக்டரை எழுபத்திரண்டு என்றாள். அது சரியாக இருந்தது. ஒரு நாள் காலை, தான் வராவிட்டாலும் மாமா படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். கொஞ்சம் தேறியதும் மூன்று பேருமாகப் போகலாம் என்றார் அவர். "சரி" என்றாள். இருபத்தாறாவது நாள் போய்விட்டாள்.

மாமா ஒரு மாதம் படகுப் பக்கமே திரும்பவில்லை. காற்று தானாக இறங்கி அது ஹாலில் துணி மூட்டைபோல் கிடந்தது. நாங்கள் இப்போது அதைத் தாண்டிக் குதிப்பதில்லை, மிதித்துக்கொண்டே நடந்தோம்.

ஒரு நாள் மெஷினுக்குக் கீழே இருந்த பையைத் திறந்தேன். மூன்று லைஃப் ஜாக்கெட். ஆரஞ்சு நிறம், கழுத்துக்குப் பின்னால் அவளுடைய எண் தைத்த சின்னப் பட்டை. மாமாவுக்குப் பெரியது. எனக்குச் சின்னது. மூன்றாவதும் சின்னது. ஐம்பத்தெட்டு என்று நோட்டில் எழுதியவள் தனக்கு நடுத்தரம் தைத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் பொய் சொன்னாள், ஜாக்கெட்டிடம் சொல்ல முடியவில்லை.

அதை மாமாவிடம் காட்டினேன். கழுத்துப் பட்டையில் இருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "பம்ப்ப எடு" என்றார்.

அந்த ஞாயிறு ஏரிக்குப் போனோம். மாமா சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. கரையைவிட்டு நகர்ந்ததும் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. எதிரே ஏரி தெரியவில்லை, சாம்பல் நிற ரப்பரும் வானமும்தான் தெரிந்தன. பின்பக்கம் தண்ணீர் விளிம்புவரை வந்தது.

"நான் முன்னாடி போய் உக்காரவா?" என்றேன்.

"நீ உன் இடத்துல உக்காரு."

இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார். முடியவில்லை. திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு வண்டியில் மூன்று பெரிய தண்ணீர்க் கேன்கள் இருந்தன. இரண்டு நிறைய, ஒன்றில் கொஞ்சம் குறைவு. குடிப்பதற்கு எதற்கு இவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் படகின் முன்பக்கத்தில் வைத்தார். அவற்றின் மேல் மூன்றாவது ஜாக்கெட்டைச் சுற்றிப் பட்டையைப் பூட்டினார்.

"எவ்வளவு மாமா?"

"அம்பத்தெட்டு. கேனோட எடையும் சேத்துதான். டிப்போ தராசுல போட்டுப் பாத்தேன்."

நாற்பத்து மூன்று என்று நான் சொல்லவில்லை. நோட்டில் இருப்பது ஐம்பத்தெட்டு.

படகு சமமாகப் போனது. கடைக்காரர் சொன்னபடி மெதுவாகத்தான். நடு ஏரியில் எதிர்க்காற்று அடித்தபோதும் நிற்கவில்லை. மாமா எஞ்சினை ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "பரவால்ல, இழுக்குது" என்றார். அக்கரை சேர முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த வெள்ளை ஒரு சுவர். தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அறியக் கோடும் எண்ணும் போட்ட, சுண்ணாம்பு அடித்த சுவர். பின்னால் ஒன்றுமில்லை. நான் இறங்கி அதைத் தொட்டேன். கையில் சுண்ணாம்பு ஒட்டியது. மாமா சுவரைப் பார்க்கவில்லை, வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை அங்கிருந்து தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஜன்னல்களை எண்ணினார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு தடவை எண்ணினார்.

"இடது பக்கத்துலேர்ந்து நாலாவது" என்றேன்.

"தெரியுது" என்றார். அந்தத் தூரத்தில் எதுவும் தெரியாது.

திரும்பும் நேரம் வந்தது. கரை சேறாக இருந்தது. படகைத் தள்ளினோம், நகரவில்லை. "கேன் தண்ணிய இங்கயே கொட்டிடலாமா மாமா? லேசா வரும்" என்றேன்.

அவர் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு படகின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"திரும்பிப் போகணும்ல" என்றார். "அவளும்தான் வரணும். நீ பின்னாடி போய் இழு."